திரும்பி வராதவர்களைத் தேடியவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கைபேசி அடித்தால் நான் இன்னமும் வாசலை எட்டிப் பார்ப்பேன். அந்த டாக்டரம்மா தஞ்சாவூரை விட்டுப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் இட்லித் தட்டின் முன் உட்காரும் நேரம் பார்த்து மணி அடித்தால், "சார், சாப்டாச்சா? வண்டி வெளிய நிக்குது, கெளம்புங்க" என்ற குரல்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. சாப்பிட்டாயிற்றா என்று கேட்பாரே தவிர, பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். தட்டை மூடி வைத்துவிட்டு நான் போய் ஏற வேண்டும். கொஞ்சம் தாமதமானால் ஹாரன் அடிப்பார், விடாமல் அடிப்பார். "ஒங்க டாக்டரம்மா வந்தாச்சு" என்று எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் குரல் கொடுப்பார். என் மனைவி அடுப்படியிலிருந்து ஒரு பார்வை பார்ப்பாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுவேன்.

அவர் எங்கள் புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவர். நான் அங்கே கணினிப் பிரிவில் வேலை பார்ப்பவன். குளிர்சாதன அறை, நாற்காலி, திரை, இவை இருந்தால் எனக்குப் போதும். வெயிலும் கிராமத்து ரோடும் எனக்கு ஆகாது. அவருக்கோ நாற்காலியே ஆகாது. நோயாளியிடம் பேசும்போது நிற்பார், சாப்பிடும்போது நிற்பார், கூட்டத்தில் சுவரோரம் நிற்பார். கொண்டையில் ஒரு பேனா, பருத்திச் சேலைக்குக் கீழே ஓடுகிறவர்கள் போடும் காலணி. ரயில்வே கேட் மூடியிருந்தால் எல்லோரும் வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் இறங்கிப் போய்க் கேட்டருகே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருப்பார். ரயிலே பயந்து சீக்கிரம் போய்விடும் என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரித்ததில்லை, காதில் விழுந்திருக்காது.

எங்கள் இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டது ஒரு மென்பொருள். கதிர்வீச்சு கொடுப்பதற்கு முன் எடுக்கும் ஸ்கேன் படங்களையும், நோயாளியின் வயது, எடை, ரத்தம், சர்க்கரை, புகையிலைப் பழக்கம் போன்ற விவரங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தால், இந்தச் சிகிச்சைக்கு இவருடைய கட்டி அடங்குமா, அடங்கினாலும் திரும்ப வருமா என்று அது முன்கூட்டியே சொல்ல வேண்டும். கட்டி எவ்வளவு பெரிது என்பதை நாமே பார்த்துவிடலாம். அதன் உள்ளே எங்கே அடர்த்தி, எங்கே உளுத்துப்போயிருக்கிறது, ஓரம் எப்படிப் பரவுகிறது என்று நம் கண்ணுக்குப் பிடிபடாததையும் அது பார்க்கும். அடங்கும் என்றால் பச்சை காட்டும். இழுபறி என்றால் மஞ்சள். கஷ்டம் என்றால் சிவப்பு.

இதைப் பழைய நோயாளிகளைக் காட்டித்தான் பழக்க முடியும். அவர்களுடைய படங்கள் எங்களிடம் இருந்தன, விவரங்கள் இருந்தன. சிகிச்சை முடிந்து போனவர் பிறகு என்ன ஆனார் என்ற இடம் மட்டும் முக்கால்வாசிப் பேருக்குக் காலியாக இருந்தது. அவர்கள் மறுபரிசோதனைக்கு வரவே இல்லை. காலியாக இருந்தவர்களை ஒதுக்கிவிட்டு மீதிப் பேரை வைத்து நான் வேலையை ஆரம்பித்தேன். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான் அது.

அவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"இவங்கல்லாம் எங்க சார்?"

"திரும்பி வரல மேடம்."

"வரலன்னா?"

"தவறிப்போயிருப்பாங்க. வேற என்ன?"

"யாரு பாத்தா?"

அந்த இரண்டு வார்த்தைதான் அவர். கேன்டீனில் சாம்பார் தீர்ந்துவிட்டது என்பார்கள். "யாரு பாத்தா?" என்று உள்ளே போய்ப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவார். நோயாளி நன்றாகச் சாப்பிடுகிறார் என்று நர்ஸ் சொன்னால், கட்டிலுக்குக் கீழே இருக்கும் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பார். மருத்துவமனை ஆண்டு விழாவில் பெரிய டாக்டர் மேடையேறி, "நம்மிடம் சிகிச்சை பெற்றவர்கள் எல்லோரும் நலமாக இருக்கிறார்கள்" என்று பேசினார். மேடையோரம் நின்றிருந்த இவர் வழக்கம்போல முணுமுணுத்தது பக்கத்திலிருந்த மைக்கில் விழுந்து அரங்கம் முழுக்கக் கேட்டது. கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு அவரை மேடைப் பக்கம் யாரும் நிற்கவிட்டதில்லை.

அப்படித்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. திருவையாறு, ஒரத்தநாடு, மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று ஆற்றுக்கு ஆறு பாலம் தாண்டி, திரும்பி வராதவர்களை வீடு வீடாகத் தேடினோம். வண்டியின் பின்சீட்டில் டார்ச் லைட், நாக்கை அமுக்கும் குச்சி, ரொட்டிப் பாக்கெட், சத்துமாவு டப்பா எல்லாம் உருண்டுகொண்டிருக்கும். சில வீடுகளில் உள்ளே நுழையும்போதே மாலை போட்ட படம் கண்ணில் படும். அவர் படத்தின் முன் போய் நிற்பார். எப்போது, எப்படி, கடைசியில் வலி இருந்ததா, தண்ணீர் இறங்கியதா என்று கேட்பார். அந்தக் கேள்விகளை நான் வெறுத்தேன். இறந்துபோனவரின் மனைவியிடம் போய் இப்படிக் கேட்கலாமா என்று வண்டியில் சண்டை போட்டேன். "வேற யாரு சார் அவங்ககிட்ட கேக்கப் போறா?" என்றார். அந்தப் பெண்கள் ஒருவரும் கோபப்படவில்லை என்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் பல வீடுகளில் வேறு கதை. அம்மாப்பேட்டைப் பக்கம் ஓர் அம்மாள். கன்னத்தில் புற்று வந்து சிகிச்சை முடிந்து போனவர். வாசலில் எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்க, "இன்சூரன்சுக்காரங்க வந்திருக்காங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டு எங்களை மாட்டுக்கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய்க்கு இந்த வியாதி என்று தெரிந்தால் வருகிற வரனும் வராது. பக்கத்து வீட்டுக்காரி கொட்டகை வரைக்கும் வந்துவிட்டாள். மேடம் கொஞ்சமும் அசரவில்லை. "பிரீமியம் ஒழுங்கா கட்டிட்டு வாங்கம்மா. எங்க, வாயத் தொறங்க" என்றார். இந்த இன்சூரன்சில் வாயையெல்லாமா பார்ப்பார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கேட்டாள். புது ஸ்கீம் என்றேன்.

வாய் சுத்தமாக இருந்தது. கழுத்தில் கதிர் பட்ட இடம் மட்டும் கறுத்து, ஓரம் கோடு போட்டதுபோல் தெரிந்தது. சேலைத் தலைப்பை இழுத்து அதை மூடியிருந்தார். கையில் தண்ணீர் பாட்டில். இந்தச் சிகிச்சை எச்சிலை வற்றவைத்துவிடும். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை தொண்டையை நனைக்காமல் அவர்களால் பேச முடியாது. கறுத்த கழுத்தும் தண்ணீர் பாட்டிலும் இருந்தால், பஸ்ஸில் கூட எனக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிடும்.

"ஏம்மா, இவ்ளோ நல்லா இருக்கீங்க. வந்து ஒரு தடவ காட்டக் கூடாதா?" என்றார் மேடம்.

"நல்லா இருக்கறவங்க எதுக்குங்க ஆஸ்பத்திரிக்கு வரணும்?" அந்த அம்மாள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "வேளாங்கண்ணிக்கு நடந்தே போயி மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துட்டேன். குலதெய்வத்துக்குப் பொங்க வச்சாச்சு. ஒங்ககிட்ட வந்தா, அது திரும்ப ஞாபகம் வச்சிக்கிட்டுக் கூடவே வந்துடுமோன்னு பயம்."

எங்கள் பக்கத்து வழக்கம் இது. பிழைத்தவர் கோயிலுக்குப் போவார், கோயிலென்று மட்டும் இல்லை, மாதாவுக்கும் போவார். மருத்துவமனைப் படியை மட்டும் மிதிக்க மாட்டார். போன் நம்பரையும் மாற்றிவிடுவார். திரும்பி வருகிறவர்கள் யாரென்றால், மறுபடி வலி எடுத்தவர்கள்.

திரும்பும் வழியில் வெண்ணாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் இறங்கி நடக்க ஆரம்பித்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ரிப்பேருக்குத் திரும்பி வந்த வண்டிகளை மட்டும் பார்த்து ஒரு மெக்கானிக்கை எடைபோட்டால் அவன் கெட்ட மெக்கானிக்காகத்தான் தெரிவான். எங்கள் மென்பொருள் அப்படித்தான் படித்திருந்தது. நன்றாக இருப்பவர்களை அது பார்த்ததே இல்லை. அதனால் யாரைக் காட்டினாலும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு சிவப்பு சிவப்பு என்றது.

வீடு வீடாகப் பார்த்தவர்களை அதில் ஏற்றித் திருத்த நாளாகும், ஆகட்டும் என்று இருந்தேன். அந்த நேரத்தில்தான் என் சித்தப்பாவுக்குக் குரல் கம்மியது.

அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்தவர் சித்தப்பா. பாபநாசம் பக்கம் கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. குரல் கம்மியதைச் சளி என்று சொல்லி மிளகு மென்றுகொண்டிருந்துவிட்டார். நான் இழுத்துக்கொண்டு வந்து காட்டியபோது குரல்வளையில் கட்டி, கழுத்திலும் நெறி கட்டியிருந்தது. அவருடைய படத்தையும் விவரங்களையும் நானேதான் மென்பொருளில் ஏற்றினேன். சிவப்பு வந்தது. நான் செய்த பொருள் என் சித்தப்பாவைப் பார்த்து அப்படிச் சொன்னது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சிவப்பு. எழுந்து கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

வாரக் கூட்டத்தில் பெரிய டாக்டர் சொன்னார்: "வயசும் ஆச்சு, ரத்தமும் கம்மி. சாப்ட்வேரும் சிவப்புங்குது. முழு சிகிச்சை குடுத்து அவரப் போட்டுப் படுத்த வேணாம். வலி தெரியாம இருக்கக் கொஞ்ச நாள் மட்டும் குடுத்து அனுப்பிடலாம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். 

"இது யார வச்சு சார் சொல்லுது?" சுவரோரத்திலிருந்து கேட்டார் அவர், என்னைப் பார்த்து.

"நமக்குத் தெரிஞ்சவங்கள வச்சு."

"அப்ப வலியோட திரும்பி வந்தவங்கள வச்சு. எனக்கு ரெண்டு நாள் குடுங்க" என்று பெரிய டாக்டரிடம் சொன்னார். "இவர மாதிரியே படம் இருந்து திரும்பி வராதவங்க யாருன்னு இதுவே சொல்லும். அவங்களப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

அந்த இரண்டு நாளும் வண்டியில் முகவரிப் பட்டியல் என் மடியிலேயே இருந்தது. முதல் வீட்டில் மாலை போட்ட படம். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டு முடித்து, "அடுத்த வீடு" என்றார். அடுத்தவர் தாராசுரத்தில் தறி நெய்பவர். தறிச் சத்தத்தில் நாங்கள் கூப்பிட்டது காதில் விழவில்லை. தோளைத் தட்டியதும் திரும்பினார். பக்கத்தில் தண்ணீர் பாட்டில். கரகரவென்று ஒரு குரலில், "யாருங்க?" என்றார். இன்னொருவர் தன் பேரனின் காதுகுத்துக்குப் பத்திரிகை கொடுக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அவர் வரும்வரை மேடம் தெருவில் நடந்துகொண்டே இருந்தார். இருட்டும் நேரத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்தார் மனிதர். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

"ஒங்க சித்தப்பா பொழைப்பார்னு நான் சொல்லல சார்" என்றார் மேடம் திரும்பும்போது. "செத்துப்போவார்னு சொல்றதுக்கு அது பாத்த ஆளுங்க இன்னும் போதாது. அவ்ளோதான்."

முழு சிகிச்சை என்று முடிவாயிற்று. அன்றைக்கே என்னை உட்காரவைத்து மென்பொருளில் நாலாவது நிறம் ஒன்று சேர்க்கச் சொன்னார். இந்த மாதிரி ஆட்களில் என்ன ஆனார்கள் என்று தெரியாதவர்கள் அதிகமாக இருந்தால், சிவப்பும் இல்லை பச்சையும் இல்லை, சாம்பல். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லட்டும்" என்றார்.

சித்தப்பாவின் முகத்துக்கு அச்செடுத்து ஒரு வலைமூடி செய்து, தலை அசையாமல் மேஜையோடு பூட்டித்தான் தினமும் கதிர் கொடுப்பார்கள். அவர் அதை வாய்ப்பூட்டு என்று திட்டிக்கொண்டே படுப்பார். தொண்டை வெந்து கஞ்சி கூட இறங்காத வாரத்தில் மேட்டூர் தண்ணீர் எங்கள் ஊர் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த நாள் சித்தப்பா சிகிச்சைக்கு வரவில்லை. மேஜை காலியாக இருந்ததைப் பார்த்ததும் மேடம் அங்கியைக் கழற்றி என் மேல் போட்டார். "வண்டி வெளிய நிக்குது."

நடவு நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா வரப்பில் குடையோடு நின்றிருந்தார். மேடம் வரப்பில் வேகமாக நடந்து, வழுக்கி, ஒரு கால் முழங்கால் வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. காலை உருவினார், காலணி வரவில்லை. நடவுப் பெண்கள் குனிந்தபடியே சிரித்தார்கள். அவர் ஒற்றைக் காலணியோடு சித்தப்பா முன்னால் போய் நின்றார்.

"நாத்து முத்திப்போச்சு டாக்டரம்மா" என்றார் சித்தப்பா. குரலே இல்லை, காற்றுதான் வந்தது. "ஆளு கெடச்ச அன்னிக்கு நட்டாத்தான் உண்டு."

"ஒங்க தொண்டையில இருக்கறதும் முத்திக்கிட்டுத்தான் இருக்கு. அதுக்கு ஒரு நாள் லீவு விட்டா அது சும்மா இருக்காது, திரும்ப வளரும். நாத்து போனா வேற நாத்து வாங்கலாம்."

"நான் இல்லாம எப்படி நடறது?"

"நீங்க இல்லாமதான் நடப் போறாங்க. இன்னிக்கா, அடுத்த வருஷத்துலேர்ந்தா, நீங்களே சொல்லுங்க."

நட்டுக்கொண்டிருந்த பெண்களின் சிரிப்பு நின்றுவிட்டது. சித்தப்பா வயலை ஒரு தடவை பார்த்தார். பிறகு குடையை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, சேற்றுக் காலோடு வந்து வண்டியில் ஏறினார். அந்த வருஷக் குறுவை நெல்லுக்கு அந்தக் காலணிதான் எரு என்று பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் சிகிச்சையைத் தவறவிடவில்லை.

கட்டி அடங்கியது. குரல் மட்டும் ஜல்லி கொட்டுவதுபோல் ஆகிவிட்டது. அந்தக் குரலில் சித்தியைத் திட்டுவதில் குறை ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் மறுபரிசோதனைக்கு வா என்றால் மட்டும், "நல்லாத்தானேடா இருக்கேன்" என்பார். அதற்கும் ஒவ்வொரு முறையும் மேடமே ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது.

பிறகு ஒரு நாள் அவர் வேலையை விட்டுவிட்டார். வழியனுப்பு விழா வேண்டாம் என்றார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பையனிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார் என்றும் சொன்னார்கள். இரண்டுமே நல்ல செய்தி என்பதால் நான் மேலே விசாரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நிம்மதியாக இட்லி சாப்பிட்டேன். ருசிக்கவில்லை.

இந்தத் தை மாதம் பொங்கலுக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் கேட்டார்: "ஏண்டா, அந்த டாக்டரம்மா எங்க?"

"பையன்கிட்ட போயிட்டாங்களாம் சித்தப்பா."

"யாரு பாத்தா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடத்தின் பழைய நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்றது. நம்பரை மாற்றியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாதா என்ன? கோடியக்கரைக்குப் பக்கம் அவருடைய ஊர் என்று மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தார். அடுத்த ஞாயிறு காலை நான் வண்டியை எடுத்தபோது சித்தப்பா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

வேதாரண்யம் தாண்டி, உப்பளங்களுக்கு அப்பால் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். அவர் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது. அப்புறம்தான் பார்த்தேன், மடியில் தண்ணீர் பாட்டில். எங்களைக் கண்டதும் கை தானாகத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடியது.

"வாங்க சார். சாப்டாச்சா?" ஒரு மடக்கு குடித்தார். "சென்னையில பாத்துக்கிட்டேன். எல்லாம் முடிஞ்சுது. நல்லா இருக்கேன்."

"செக்கப்புக்குப் போனீங்களா மேடம்?"

இன்னொரு மடக்கு. "நல்லா இருக்கறவங்க எதுக்கு சார் போகணும்?" என்று சிரிக்கப் பார்த்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. அவரைப் பார்த்துவிட்டு மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

"போகும்போது நம்ம சாப்ட்வேர எடுத்துட்டுப் போனேன் சார். என் படத்தையும் ஏத்தினேன். சிகிச்சைக்கு முன்னாடி."

"என்ன நெறம் வந்துச்சு?"

"ஓடிக்கிட்டு இருந்துச்சு. முடியறதுக்குள்ள மூடிட்டேன்." பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினார். "எத்தன வீட்டுக்குள்ள பூந்து கேட்டிருப்பேன். எனக்குன்னு வந்தப்ப கேக்க முடியல சார். பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவர் தொண்டைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பச்சை என்று எண்ணிக்கொண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விடலாம். அவரும் அதைத்தான் விரும்பினார். சித்தப்பா படியிறங்கி வெளியே போனார்.

"இன்னிக்கு எங்க வீட்ல தங்கிக்குங்க" என்றேன். "நாளைக்குக் காலைல ஓபியில மொத ஆளு நீங்க."

"இன்னொரு நாள் வரேன் சார்."

"வண்டி வெளிய நிக்குது மேடம். கெளம்புங்க."

அவர் அசையவில்லை. சித்தப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் ஹாரன் எங்கே இருக்கிறது என்று தெரியும். வெளியே விடாமல் அடிக்க ஆரம்பித்தார். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மேடம் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, காலால் செருப்பைத் தேடினார்.